களி இறங்கும் தொண்டையில் மாத்திரை ஏன் நிற்கிறது?

தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டி வருசநாட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது மயிலாடும்பாறை. மூல வைகையின் கரை, இலவ மரங்கள், தென்னந்தோப்புகள். இந்தப் பக்கத்து வீடுகளில் கேப்பைக்களி கிண்டும் வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. களியை யாரும் மென்று தின்பதில்லை. பெருநெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளி எடுத்து, உருட்டி, கருவாட்டுக் குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி வாயில் போட்டால் அது நேராக உள்ளே போய்விடும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெடும்.

அப்படி ஒரு தட்டுக் களியை விழுங்கி முடித்த ஒரு அப்பத்தாவை மனக்கண்ணில் நிறுத்துங்கள். வயது அறுபத்தைந்து, சர்க்கரை நோய் உண்டு. சாப்பிட்டதும் போட வேண்டிய மாத்திரை உள்ளங்கையில் இருக்கிறது. வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். தண்ணீர் போய்விட்டது, மாத்திரை நாக்கிலேயே நிற்கிறது. மறுபடி தண்ணீர். மாத்திரை கரைந்து கசக்கிறது. மூன்றாம் முறை ஓங்கரித்துக்கொண்டு வருகிறது, துப்பிவிடுகிறார். "எறங்க மாட்டேங்குது தாயி" என்கிறார் பேத்தியிடம்.

விழுங்கிய களி உருண்டையில் கால் பங்குகூட இருக்காது அந்த மாத்திரை. தொண்டையும் அதே தொண்டைதான். பெரியது இறங்கிச் சிறியது நிற்பது எப்படி?

ஜெர்மனியில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 1,051 நோயாளிகளிடம் ஓர் ஆய்வுக் குழு இதைக் கேட்டது. முடிவு 2013இல் வெளியானது. 37.4 சதவீதம் பேர் மாத்திரை விழுங்கச் சிரமப்படுவதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோரின் சிரமம் அவர்களுடைய டாக்டருக்கே தெரியாது. நம் ஊரிலும் இது வெளியே சொல்லப்படாத சங்கதிதான். "பச்சைப்பிள்ளையா நீ, ஒரு மாத்திரை முழுங்கத் தெரியாதா?" என்ற கேள்விக்குப் பயந்து, மாத்திரையை முந்தானையில் முடிந்து பிறகு கொல்லையில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். வைராக்கியம் போதாததால் வரும் சிக்கல் இல்லை இது. உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்வதால் வருவது. எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

வாசலுக்கும் வயிற்றுக்கும் நடுவில்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் திட்டம். மயிலாடும்பாறை இருக்கும் கடமலை–மயிலை ஒன்றியத்தைப் போல ஊர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூரம் அதிகமாக உள்ள இடங்களில் இதன் அருமை தனியாகத் தெரியும். ஆனால் மாத்திரையின் பயணம் வாசலோடு முடிவதில்லை. வாசலிலிருந்து வயிற்றுக்கு இன்னும் சில அடி தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை எந்தப் பதிவேடும் அளப்பதில்லை.

தமிழ்நாடு இதை வெகு முன்பே நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளைச் சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் இருந்தபடியே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்பது அங்கே கேட்கப்பட்ட கேள்வி. முடியும் என்று 1959இல் வெளியான முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. அன்றைக்கு ஐசோனியசிட்டோடு 'பாஸ்' என்ற மருந்தையும் தினம் பல கிராம் விழுங்க வேண்டியிருந்தது. பருமனான மருந்து, வயிற்றைப் புரட்டும். அதனால் ஆய்வாளர்கள் நோயாளியின் வாய்வார்த்தையோடு நிற்கவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கைக்குப் போன மருந்து வயிற்றுக்கும் போனதா என்று தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மாத்திரையின் வழி

அப்பத்தாவின் மாத்திரையையே பின்தொடர்வோம். அது மெட்ஃபார்மின் 500 என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்க்கு மிக அதிகமாகத் தரப்படும் மருந்துகளில் ஒன்று. உணவோடு அல்லது உணவு முடிந்ததும் போட வேண்டியது.

விழுங்குதல் மூன்று கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் வாய்க்குள். நாக்கு உணவைத் திரட்டிக் கவளமாக்கி மேலண்ணத்தோடு அழுத்திப் பின்னால் தள்ளுகிறது. இது நம் விருப்பப்படி நடப்பது. வேண்டுமென்றால் நிறுத்தலாம், துப்பலாம்.

இரண்டாம் கட்டம் தொண்டையில். கவளம் நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டதும் மூளைத்தண்டு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. மூக்குக்குப் போகும் வழி அடைபடுகிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல்வளை மேலே எழும்பி முன்னால் நகர்கிறது, அதன் மூடி கவிழ்ந்து மூச்சுக்குழாயைக் காக்கிறது. தொண்டையின் அடியில் உணவுக்குழாயின் வாசலை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு தசை வளையம் தளர்ந்து திறக்கிறது. அதை 'வாயில்தசை' என்று இங்கே அழைப்போம். இத்தனையும் ஏறக்குறைய ஒரு வினாடிக்குள் முடிகிறது. தொண்டை முண்டின் மேல் விரலை வைத்து எச்சில் விழுங்கினால் அது ஏறி இறங்குவது தெரியும். ஏறும்போதுதான் வாயில்தசை திறக்கிறது.

மூன்றாம் கட்டம் உணவுக்குழாயில். பெரியவர்களுக்கு அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். தசைகள் அலையலையாகச் சுருங்கிக் கவளத்தை வயிற்றுக்குக் கொண்டுசேர்க்கப் பத்து வினாடி அளவில் ஆகும்.

இந்த வழியில் இடம் போதாமை எங்கே? எங்குமே இல்லை. நல்ல நிலையில் உள்ள உணவுக்குழாய் விரிந்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கொடுக்கும். மாத்திரையின் அகலமோ ஒரு சென்டிமீட்டர் வரும். ஆக, அப்பத்தாவின் மாத்திரை சிக்குவது குழாயில் இல்லை. அதற்கு வெகு முன்னால், முதல் கட்டத்திலேயே நிற்கிறது. நாக்கு அதை ஒப்படைக்க மறுக்கிறது.

நாக்கு கேட்கும் இரண்டு கேள்விகள்

உணவு எப்போது விழுங்கத் தயாராகிறது என்பதற்கு 1988இல் ஹட்சிங்ஸ், லில்ஃபோர்டு என்ற இரண்டு உணவு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒரு கவளம் இரண்டு எல்லைகளைத் தாண்டியாக வேண்டும். ஒன்று, கெட்டித்தன்மை போதுமான அளவு உடைந்திருக்க வேண்டும். இரண்டு, வழுக்கிச் செல்லும் அளவுக்கு ஈரம் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாய் மென்றுகொண்டே இருக்கும்.

கேப்பைக்களி தட்டுக்கு வரும்போதே இரண்டையும் தாண்டிவிட்டது. அரைத்த மாவு, வெந்த பதம், மேலே குழம்பின் வழவழப்பு. பல்லுக்கு வேலையே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தோலிலிருந்து பிதுக்கி, விதையோடு சதையை விழுங்குகிறவர்களும் உண்டு. அதுவும் மெத்தென்று வழுக்கும் பொருள்தான்.

மாத்திரை முதல் எல்லையையே தாண்டாது. அது கெட்டியானது, விளிம்பு உள்ளது. அதை மெல்லக் கூடாது என்பது நமக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியாது. நாக்கு பிறந்ததிலிருந்து பழகிய பாடம் வேறு. சோற்றில் ஒரு கல் கிடந்தால் கண்டுபிடித்து முன்னால் தள்ளு. அயிரை மீன் குழம்பில் ஒரு முள் நெருடினால் பிரித்து ஓரங்கட்டு. இந்தப் பாடம் நம் உயிரைக் காப்பாற்றிவந்திருக்கிறது. தண்ணீரோடு மாத்திரையைப் போடும்போது நாக்கு அதே விசுவாசத்தோடு வேலை பார்க்கிறது. தண்ணீரைப் போகவிட்டு, கெட்டியானதை நிறுத்திவைக்கிறது.

தண்ணீரும் இதில் கொஞ்சம் கெடுக்கிறது. அது மெல்லியது, வேகமாக ஓடிவிடும். மாத்திரை பின்தங்கிவிடும். களி அப்படிப் பிரியாது, முழுதும் ஒரே பொருளாக நகரும். மாத்திரையைத் தண்ணீரில் மட்டுமே போட வேண்டும் என்று பிடிவாதமாக நினைத்திருக்கிறோம். சில மருந்துகளுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் இல்லை.

வெறும் வாயில் ஐந்து முறை

இப்போது ஒரு சோதனை. தண்ணீர் குடிக்காமல், வெறும் எச்சிலைத் தொடர்ந்து ஐந்து முறை விழுங்கிப் பாருங்கள். முதல் இரண்டும் சுலபமாகப் போகும். மூன்றாவது இழுக்கும். நான்காவதில் தொண்டை அசைய மறுக்கும். ஐந்தாவதைப் பெரும்பாலானவர்களால் உடனே செய்ய முடியாது.

தொண்டையில் கோளாறு எதுவும் வந்துவிடவில்லை. எச்சில் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். விழுங்கும் அனிச்சைச் செயலைக் கிளப்ப, பின்னாக்கில் ஏதாவது ஈரமாகப் பட வேண்டும். ஒன்றும் படாவிட்டால் அது கிளம்பாது.

பயம் செய்வதும் இதையேதான். பயந்தவுடன் எச்சில் குறைந்து கெட்டியாகிறது. கழுத்துத் தசைகள் விறைக்கின்றன, குரல்வளை தாராளமாக ஏறி இறங்க முடிவதில்லை. பதற்றத்தில் வாயில்தசையும் இறுகும். தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி ஓர் உணர்வு வருகிறதே, பரீட்சைக்கு முன்னால், துக்க வீட்டில், அதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணம். அங்கே உண்மையில் எந்த உருண்டையும் கிடையாது.

போதாததற்குக் கவனம். ஒரு நாளில் பல நூறு முறை நாம் எச்சில் விழுங்குகிறோம், ஒன்றையும் கவனிப்பதில்லை. மாத்திரை வாய்க்குள் போனதும் மொத்தக் கவனமும் நாக்கில் போய் உட்காருகிறது. தானாக நடக்கும் காரியத்தை உற்றுப் பார்த்துச் செய்யத் தொடங்கினால் அது தடுமாறும். 'முழுங்கு, முழுங்கு' என்று பக்கத்தில் நின்று ஊக்கப்படுத்துகிறவர்கள் அந்தத் தடுமாற்றத்தைக் கூட்டுகிறார்கள்.

ஓங்கரிப்பும் விழுங்குதலும் எதிரெதிரான வேலைகள். ஒன்று வெளியே தள்ளும், மற்றது உள்ளே இழுக்கும். இரண்டையும் தூண்டும் இடங்களோ நெருங்கி இருக்கின்றன. பின்னாக்கில், அண்ணத்தில் எதிர்பாராத ஒன்று பட்டுத் தங்கினால் ஓங்கரிப்பு முந்திக்கொள்ளும். தயங்கித் தயங்கி மாத்திரையை அங்கேயே வைத்திருக்கும் ஒவ்வொரு வினாடியும் அதற்கான அழைப்புதான்.

மூக்கைப் பிடித்த கை

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலர் ஒரு பழைய நாளைச் சொல்வார்கள். காய்ச்சலில் கிடந்த குழந்தையை மடியில் மல்லாத்தி, காலைப் பிடித்து, மூக்கைப் பொத்தி, பொடித்த மருந்தைப் பாலாடையில் ஊற்றிய நாள். பாசத்தோடு செய்ததுதான். ஆனாலும் சொல்ல வேண்டும்: இதைச் செய்யாதீர்கள். மூக்கடைத்த குழந்தை வாயால் மூச்சை இழுக்கும். இழுக்கும் மூச்சோடு மருந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். உயிருக்கே ஆபத்து.

உயிர் தப்பினாலும் மூளை அந்த நாளை மறக்காது. மாத்திரை என்றால் மூச்சுமுட்டல் என்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை மாத்திரையைத் தூர வைக்கும்போதும் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியே தவிர்ப்பதற்குக் கிடைக்கும் பரிசு. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளர்கிறது. இதைத் திட்டித் தீர்க்க முடியாது. பயம் எழாத அளவுக்குச் சின்னதாகத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். உளவியலாளர்கள் உயரத்துக்கும் நாய்க்கும் பயப்படுகிறவர்களுக்குச் செய்வதும் இந்தப் படிப்படியான பழக்கம்தான்.

அப்பத்தாவின் மாத்திரையை இறக்குவோம்

முதலில் நேரம். கை கழுவி, பாத்திரம் ஒதுக்கி, எல்லாம் முடிந்த பிறகு மாத்திரையை எடுத்தால் வாய் காய்ந்திருக்கும், பயத்துக்கும் அவகாசம் கிடைத்திருக்கும். மெட்ஃபார்மின் உணவோடு போகக்கூடியது. ஆகவே சாப்பாட்டின் நடுவிலேயே போடலாம். நாலு கவளம் களி இறங்கிய பின் தொண்டை ஓட்டத்தில் இருக்கிறது. ஐந்தாவது கவளத்தின் உள்ளே மாத்திரையைப் புதைத்து, குழம்பில் தோய்த்து, எப்போதும் விழுங்குவதுபோல் விழுங்க வேண்டியதுதான். உருண்டையை வழக்கத்தைவிடச் சிறிதாகவே பிடிக்க வேண்டும். நாக்குக்கு விளிம்பு தெரியாது, கசப்பு தெரியாது, தண்ணீர் முந்திக்கொண்டு ஓடாது. பின்னாலேயே ஒரு டம்ளர் தண்ணீர். களி பிடிக்காத வீட்டில் வாழைப்பழத் துண்டு அதே வேலையைச் செய்யும். சர்க்கரை நோயாளிக்கு ஒரு சிறு துண்டு போதும்.

உட்காரும் விதம் முக்கியம். நிமிர்ந்து உட்கார வேண்டும், சாய்வோ படுக்கையோ கூடாது. போட்டவுடன் போய்ப் படுக்கவும் கூடாது. டென்மார்க்கில் 1982இல் ஆரோக்கியமான 121 பேருக்கு மாத்திரைகளும் கேப்சூல்களும் கொடுத்து, அவை இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். படுத்துக்கொண்டோ ஒரு வாய்த் தண்ணீரோடோ போட்டால் பல நேரம் அவை உணவுக்குழாயிலேயே ஒட்டி நின்றன. குறைந்தது 100 மில்லி தண்ணீர், விழுங்கிய பின் ஒன்றரை நிமிடமாவது நிமிர்ந்த நிலை என்பது அந்த ஆய்வின் அறிவுரை. காய்ச்சலுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் போன்றவை இப்படி ஒட்டி நின்றால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட்டை வெறும் தண்ணீரில் மட்டுமே விழுங்க வேண்டும்; விழுங்கிய பின் அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வதும் இதனால்தான்.

வாய் காய்ந்தவர்கள் மாத்திரைக்கு முன்னால் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து வாயை நனைத்துக்கொள்ளட்டும். வயதானால் எச்சில் குறையும். ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகளே வாயை உலர்த்தும்.

பாட்டிலும் குனிவும்

தண்ணீரில்தான் போட்டாக வேண்டும் என்றால்? தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடுதான் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்குப் பாலும் டீயும் ஆகாது. இங்கே களியும் பழமும் உதவாது.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹேஃபெலி குழுவினர் 151 பேரிடம் இரண்டு உத்திகளைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். எந்தக் கருவியும் தேவைப்படாத உத்திகள் இவை.

மாத்திரைக்குப் பாட்டில் முறை. அமுக்கினால் வளையும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதடுகளால் காற்றுப் புகாமல் இறுகக் கவ்வுங்கள். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, உதட்டை விடாமல் தண்ணீரை உறிஞ்சியபடியே விழுங்குங்கள். பாட்டில் ஒடுங்க வேண்டும், உள்ளே காற்றுப் போகக் கூடாது. உறிஞ்சும் வேலையில் நாக்கு முனைந்திருப்பதால் மாத்திரையைத் தேடிப் பிடித்து நிறுத்த அதற்கு அவகாசம் இல்லை. சோதித்தவற்றில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தில் விழுங்குவது எளிதாயிற்று.

கேப்சூலுக்குக் குனியும் முறை. கேப்சூல் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். நாம் அண்ணாந்தால் அது முன்பல் பக்கம் மிதந்து வந்துவிடும். எனவே கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு, விழுங்காமல் முகவாயை நெஞ்சை நோக்கிக் குனியுங்கள். கேப்சூல் பின்னால் மிதந்து போகும். அந்த நிலையிலேயே விழுங்குங்கள். இதில் முன்னேற்றம் 88.6 சதவீதம். நம்மில் பெரும்பாலோர் எல்லா மருந்துக்கும் வானத்தைப் பார்த்து அண்ணாந்தே பழகியிருக்கிறோம். கேப்சூலுக்கு அது நேர் எதிரான வழி.

பக்கவாதம் வந்தவர்கள், தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர்கள் இந்தப் பாட்டில் முறையைத் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். அவர்களுக்கு டாக்டரின் யோசனை தேவை.

பிள்ளைகளுக்குப் படிப்படியாக

ஒன்று முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை, தேசியத் திட்டமாக 2015 முதல் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் தரப்படுகிறது. அந்த அல்பெண்டசோல் மாத்திரையை விழுங்கவே வேண்டாம், மென்று தின்னலாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான் தர வேண்டும். 2007இல் எத்தியோப்பியாவில் இதே மாத்திரை மூச்சை அடைத்து நான்கு சிறு குழந்தைகள் இறந்த பிறகு உலகச் சுகாதார நிறுவனம் இதை அழுத்திச் சொல்லிவருகிறது. அழும் குழந்தையின் வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அன்றைக்கு விட்டுவிட்டு அழுகை ஓய்ந்த பிறகு கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வளரிளம் பருவத்தில் பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வருகிறது. அதை விழுங்கத்தான் வேண்டும். விழுங்கத் தெரியாமல் பாவாடைப் பையில், ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவைக்கும் பிள்ளைகளை அதட்டிப் பயனில்லை. பழக்கிவிடலாம். ஆறு, ஏழு வயதிலிருந்தே பழக்கலாம். அவசரமில்லாத ஒரு நாளில், நோய் இல்லாதபோது தொடங்குவது நல்லது.

வெளிநாடுகளில் இதற்குக் கேக்கின் மேல் தூவும் சின்னச் சின்ன மிட்டாய்களைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு வெந்த ஜவ்வரிசி இருக்கிறது. பாயசத்திலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்து, மெல்லாமல் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். அது சுலபமாக வந்த பிறகு இரண்டு மூன்று மணிகள் ஒன்றாக. அடுத்து ஒரு சீரக மிட்டாய். அடுத்து சற்றுப் பெரிய, வாயில் கரையக்கூடிய மிட்டாய். ஒவ்வொரு அளவிலும் சில முறை தடுமாறாமல் விழுங்கிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். தவறினால் ஒரு படி கீழே இறங்கி, வெற்றியோடு அன்றைய பழக்கத்தை முடித்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் கூடவே இருந்து செய்ய வேண்டியது இது. சிரிப்பு விளையாட்டுக்கு நடுவில் கூடாது. கனடாவின் கல்காரியில் போனி கப்லான் குழுவினர் தலையை நேராக, மேலே, கீழே, இடம், வலம் என்று ஐந்து நிலைகளில் வைத்து விழுங்கப் பழக்கினார்கள். யாருக்கு எந்த நிலை ஒத்துவருகிறதோ அதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளும். அந்தத் தேர்வு தன் கையில் இருப்பதே பாதிப் பயத்தைப் போக்கிவிடும் என்று நான் நம்புகிறேன்.

குழந்தையின் தொண்டையை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான 306 குழந்தைகளுக்கு இரண்டு மில்லிமீட்டர் குறுமாத்திரைகளையும் சிரப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி குழந்தைகள் சிரப்பைவிடக் குறுமாத்திரையை நன்றாக ஏற்றுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மாத்திரைகள் நம் மருந்துக் கடைகளில் பரவலாக வரவில்லை என்பது மருந்து நிறுவனங்கள் யோசிக்க வேண்டிய விஷயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே பொதுப்பெயர் மாத்திரைகள் 22 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டியது. விழுங்குகிறவரை நினைத்து மாத்திரை செய்வதும் மருத்துவத்தில் சேர்த்திதான்.

உடைக்கலாமா, பொடிக்கலாமா?

அம்மிக்கல்லில் வைத்துப் பொடித்துத் தேனில் குழைப்பது நம் வீடுகளின் பழைய தீர்வு. சில மாத்திரைகளுக்குச் சரி, சிலவற்றுக்குப் பெரிய தவறு.

அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது 'மெல்லவிடு மாத்திரை'. பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளியிடும்படி கட்டப்பட்டது. பொடித்தால் அந்தக் கட்டு உடைந்து முழு நாளுக்கான மருந்தும் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும். இரத்த அழுத்த மருந்தில் இப்படி நடந்தால் அழுத்தம் திடீரென்று சரிந்து மயக்கம் போடும். அப்பத்தாவின் மெட்ஃபார்மினிலும் சாதாரண வகை உண்டு, எஸ்.ஆர். வகை உண்டு. முதலாவதைக் கேட்டுவிட்டு உடைக்கலாம், இரண்டாவதைப் பொடிக்கக் கூடாது. எஸ்.ஆர். போடுகிறவர்கள் சிலர் மலத்தில் மாத்திரை போன்ற ஒன்றைப் பார்த்துவிட்டு, மருந்து அப்படியே வெளியேறிவிட்டதென்று பதறுவார்கள். அது மருந்து போன பிறகு மிஞ்சிய கூடு மட்டுமே.

பான்டோபிரசோல் போன்ற வயிற்று மாத்திரைகளின் மேல் உள்ள பூச்சு வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பதற்கு. பொடித்தால் மருந்து பயனற்றுப் போகும். புற்றுநோய் மாத்திரைகள் சிலவற்றின் பொடி, பொடிப்பவருக்கே கேடு. நடுவில் கோடு போட்ட மாத்திரையைக்கூட எதற்கும் ஒருமுறை மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டு உடைப்பது நல்லது.

எப்போது பயம் இல்லை, நோய்?

இதுவரை சொன்னது மாத்திரை மட்டும் இறங்காதவர்களுக்கு. சோறும் சிக்குகிறதென்றால், முன்பு இறங்கிய உணவு சில வாரங்களாக நெஞ்சில் நிற்கிறதென்றால், தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதென்றால், எடை குறைகிறதென்றால், குரல் கம்மிவிட்டதென்றால் பழக்கப் பயிற்சியில் காலத்தைக் கடத்தக் கூடாது. பக்கவாதம், நடுக்குவாதம், அமிலப் புண்ணால் வந்த சுருக்கம், கட்டி என்று காரணங்கள் இருக்கலாம். மயிலாடும்பாறைப் பக்கத்தவர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது. அங்கே போய்க் காட்டிவிடுங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரை இறங்கவில்லை என்பதை டாக்டரிடம், செவிலியரிடம், வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே மருந்துக்குச் சிறிய மாத்திரை இருக்கலாம், நீர்மருந்து இருக்கலாம், தண்ணீரில் கரையும் வகை இருக்கலாம், இரண்டு மாத்திரைக்குப் பதில் ஒன்று போதும் என்ற ஏற்பாடு இருக்கலாம். நீங்கள் சொல்லாதவரை, மருந்து போட்டும் சர்க்கரை குறையவில்லை என்று நினைத்து டாக்டர் மாத்திரையின் அளவைத்தான் கூட்டுவார். வீடு தேடிப் போகும் பணியாளர்களும் அட்டையைக் கையில் கொடுக்கும்போது 'முழுங்க முடியுதாம்மா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.